‘நோ சிக்னல்’ ரூட்டில் கார் பயணம்: லடாக் போகும்முன் பையில் என்ன இருக்கணும், என்ன இருக்கக் கூடாது?

மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில் டாண்டி என்ற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. ‘அடுத்த பங்க் 365 கி.மீ. தூரத்தில்’ என்று சொல்லும் அங்குள்ள போர்டு முன் செல்ஃபி எடுக்காத லடாக் பயணிகள் குறைவு. அந்தப் போர்டு சொல்வது பெட்ரோலைப் பற்றி மட்டும்தான். மேலே ஏற ஏற செல்போன் டவரும் ஆஸ்பத்திரியும்கூட அதே மாதிரி அரிதாகிவிடும்.

சென்னை, பெங்களூருவிலிருந்து சொந்த எஸ்யூவியிலேயே லடாக் போய்வரும் இளைஞர்கள், டயர், சஸ்பென்ஷன் என்று வண்டிக்குப் பார்த்துப் பார்த்து செலவு செய்கிறார்கள். ஆனால் ஒருவருக்கு மூச்சுத் திணறல் வந்தாலோ, வண்டி உருண்டு ரத்தம் கொட்டினாலோ என்ன செய்வது? ‘அப்போ பார்த்துக்கலாம்’ என்பதுதான் பலரின் பதில். இன்னும் சிலர் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து ஒரு கருவியை வாங்கிவிடுகிறார்கள். அது அவர்களை நேராக போலீஸ் ஸ்டேஷனுக்கே கொண்டுபோகலாம்.

சாட்டிலைட் மெசெஞ்சர் ஏன் கூடாது?

அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் ஆஃப்-ரோடு போகிறவர்களின் முதல் கருவி கார்மின் இன்ரீச் போன்ற சாட்டிலைட் மெசெஞ்சர். டவரே இல்லாத இடத்திலும் ஒரு பட்டனை அழுத்தினால், இருக்கும் இடத்தோடு உதவிச் செய்தி போய்விடும். இன்ரீச் இயங்குவது இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாக.

இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் துராயா, இரிடியம் போன்களையும் இத்தகைய மெசெஞ்சர்களையும் வைத்திருப்பதே குற்றம். பயன்படுத்தவில்லை என்பது தப்பிக்க வழியல்ல. 2008 மும்பைத் தாக்குதலில் தீவிரவாதிகள் சாட்டிலைட் போன் பயன்படுத்தியது தெரியவந்த பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. விவரம் தெரியாமல் இன்ரீச்சைப் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் கோவா, டெல்லி விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். லடாக்கோ சீன, பாகிஸ்தான் எல்லைகளை ஒட்டிய பகுதி. அங்கே இப்படி ஒரு சிக்னல் கிளம்பினால் மீட்புக் குழுவுக்கு முன்பே விசாரணைதான் வந்து நிற்கும்.

சட்டப்படி வேண்டுமென்றால், பிஎஸ்என்எல் வழியாக இன்மார்சாட் சாட்டிலைட் போனுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு வார டிரிப்புக்கு அந்த நடைமுறை பெரும்பாலோருக்கு ஒத்துவராது.

அப்போ தொடர்புக்கு என்ன வழி?

முதலில் சிம். தமிழ்நாட்டில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேலை செய்யும். காரில் நான்கு பேர் இருந்தால், குறைந்தது இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் போஸ்ட்பெய்டு சிம் இருப்பது நல்லது. ஒன்றுக்கு டவர் இல்லாத இடத்தில் இன்னொன்றுக்கு இருக்கலாம். சிக்னல் ஒரு கோடுதான் காட்டுகிறதா? கால் போகாவிட்டாலும் எஸ்எம்எஸ் போக வாய்ப்புண்டு.

போனின் ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. ஆஃப்லைன் மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொண்டால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எங்கிருந்தும் பார்க்கலாம். உதவி கேட்டுப் போகிறவர் கையில் அந்த எண்கள் எழுதிய சீட்டு இருந்தால், ‘அந்த வளைவு தாண்டி ஒரு பாறை’ என்று வழி சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

இரண்டு வண்டிகளாகப் போனால் வாக்கி-டாக்கி கைகொடுக்கும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்கு இந்தியாவில் லைசென்ஸ் வேண்டாம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பல செட்கள் இதைத் தாண்டிய அலைவரிசைகளிலும் இயங்கும். அவற்றுக்கு லைசென்ஸ் வேண்டும். வாங்கும்போது பெட்டியில் அலைவரிசையைப் பார்த்து வாங்கவும். நடுவில் ஒரு மலை வந்தால் வாக்கி-டாக்கியும் ஊமைதான்.

காசு செலவில்லாத கருவி ஒன்றும் உண்டு: வீட்டில் விட்டுப்போகும் ஒரு தாள். வண்டி எண், தினசரி ரூட், இரவு தங்கும் இடம், எல்லோருடைய ரத்த வகை, ‘நாளை இரவு 8 மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிடணும்’ என்ற விவரம் அதில் இருக்க வேண்டும். பதறிப்போன அம்மா சென்னையிலிருந்து 112-ஐ அழைத்தால், அது தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். அதனால் லே காவல்துறை, மருத்துவமனை எண்களை 01982 என்ற எஸ்டிடி கோடுடன் அந்தத் தாளில் எழுதிவைப்பது முக்கியம்.

ஆக்ஸிஜன் கேன் போதுமா?

போதாது. கணக்கு எளிது: 10 லிட்டர் கேனை நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் கொடுத்தால் 5 நிமிடத்தில் காலி. 1,500 லிட்டர் மருத்துவ சிலிண்டர் அதே வேகத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் வரும். லே நகரில் சிலிண்டர்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ரெகுலேட்டர், மாஸ்க்கோடு எடுத்து, இயக்கும் முறையைக் கடையிலேயே பழகிக்கொள்ள வேண்டும்.

சிலிண்டரும் அவகாசம்தான் தரும். உயர மலை நோய் முற்றினால் உண்மையான சிகிச்சை கீழே இறங்குவது. மணாலி ரூட்டில் சிக்கலே அங்கேதான். பலர் முதல் இரவு தங்கும் சர்ச்சு சுமார் 4,290 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் 4,890 மீட்டர் பாரலாச்சா லா; மறுபக்கம் லே செல்லும் வழியில் அதைவிட உயரமான கணவாய்கள். கீழே போகணும் என்றாலும் முதலில் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். சுமார் 2,000 மீட்டரில் இருக்கும் மணாலியிலிருந்து ஒரே நாளில் சர்ச்சுவுக்குப் போகாமல், கேலாங் அல்லது ஜிஸ்பாவில் தங்கிப் போவது எந்த சிலிண்டரையும்விட மேல். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. இந்த ரூட்டில் அதை முழுசாகக் கடைப்பிடிப்பது கஷ்டம். அதனால்தான் வழியில் கூடுதலாக ஓர் இரவு அவசியமாகிறது.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் குளிரில் விறைத்த விரலில் அது தப்பான எண் காட்டும். எண்ணைவிட ஆளைக் கவனிப்பது முக்கியம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, இருமல் விடவில்லையா? நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். தரையில் நேர்கோட்டில், ஒரு காலின் விரலோடு மறு காலின் குதிகாலை ஒட்டிவைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை பாதிப்பின் அறிகுறி. இரண்டில் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் இறங்க வேண்டும். அசிட்டசோலமைடு மாத்திரையை டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சல்ஃபா மருந்து அலர்ஜி இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

ஃபர்ஸ்ட் எய்டு பெட்டியில் என்ன வேண்டும்?

ஷோரூமில் தரும் சின்னப் பெட்டி சிராய்ப்புக்குத்தான் ஆகும். கூடுதலாக வேண்டியவை: கையுறை, நிறைய காஸ் துணி, இறுக்கிக் கட்டும் பிரஷர் பேண்டேஜ், டூர்னிக்கே பட்டை, முக்கோணத் துணி, எலும்பு முறிவுக்கு வளையும் ஸ்பிளின்ட், ஓஆர்எஸ், அவரவர் வழக்கமான மாத்திரைகள், உடல் சூட்டைக் காக்கும் ஃபாயில் போர்வை.

ரத்தம் கொட்டினால் முதல் வேலை துணியை வைத்து விடாமல் அழுத்துவது. கையிலோ காலிலோ அப்படியும் நிற்காவிட்டால்தான் டூர்னிக்கே. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மீது வராமல் இறுக்கி, கட்டிய நேரத்தை எழுதிவைக்க வேண்டும். இதை யூடியூபில் பார்த்தால் போதாது. ஒரு முதலுதவிப் பயிற்சியில் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும்.

பெட்டி லக்கேஜுக்கு அடியில் இருந்தால் இல்லாததற்குச் சமம். சீட்டுக்குப் பின்னால், கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். பவர் பேங்கும் கேபினுக்குள்ளேயே இருக்கட்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

விபத்து நடந்துவிட்டால்?

காயம்பட்டவரோடு ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். இன்னொரு வண்டியிலோ, வழியில் வரும் லாரியிலோ ஒருவர் போய் அருகிலுள்ள ராணுவ முகாம், ஐடிபிபி அல்லது பிஆர்ஓ முகாமில் சொல்ல வேண்டும். மணாலி ரூட்டில் பாங் என்ற இடத்தில் ராணுவ முகாம் உண்டு. லே நகரின் பெரிய அரசு மருத்துவமனை சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை. காலையில் கிளம்பும்போதே அன்றைய ரூட்டில் இவை எங்கெங்கே என்று மேப்பில் குறித்துவைத்தால், அந்த நேரத்தில் தேட வேண்டியிருக்காது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு மாலை போதும். நான்கு பேரும் சேர்ந்து பெட்டியைத் திறந்து, ‘இது எதுக்கு, யார் எடுப்பா?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். பதில் வராத பொருள் எதுவோ, அதிலிருந்து பயிற்சியை ஆரம்பிக்கலாம்.