காலை எட்டரை மணி மழை: ஏரிக்கரை நாட்குறிப்புக்கு ஒரு டெம்ப்ளேட்

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையில தாம்பரத்துல பதிவான மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்துல 47. நுங்கம்பாக்கத்துல 29. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அந்த வெள்ளத்தைப் பார்த்தவங்களுக்கு இந்தக் கணக்கு மறக்காது. இந்த மூணு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பேச முடியுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. இந்திய வானிலை ஆய்வுத் துறையோட தினசரி மழைக் கணக்கு, முந்தின நாள் காலை எட்டரையிலிருந்து அன்னைக்குக் காலை எட்டரை வரைக்கும். எல்லா ஊருக்கும் அதே எல்லை. அந்த எட்டரை தெரிஞ்சாதான், 2ஆம் தேதி பேர்ல இருக்கிற 49ல பெரும்பகுதி 1ஆம் தேதி பெய்த மழைன்னு புரியும். இப்படி என்ன கேட்கணும், எப்ப கேட்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணி வைக்கிறதுதான் டெம்ப்ளேட். தென்சென்னைப் புறநகர்ல ஏரி, மழை பத்தி நாட்குறிப்பு எழுத நினைக்கிற யாருக்கும் இது முதல் தேவைன்னு நான் நினைக்கிறேன்.

ஏன் நாமளே எழுதணும்? சென்னை வட்டாரத்துக்குள்ளயே 49க்கும் 29க்கும் இருபது சென்டிமீட்டர் இடைவெளி. அப்படின்னா சேலையூருக்கும் சிட்லபாக்கத்துக்கும் செம்பாக்கத்துக்கும் ஒரே எண்ணை எழுதிட்டுப் போக முடியாது. அதுமட்டும் இல்ல, அந்த வெள்ளம் ஒரு ராத்திரி மழையால மட்டும் வரல. நவம்பர்ல விட்டுவிட்டுப் பெய்த கனமழையில ஏரிகள் ஏற்கனவே நிரம்பி, மண்ணும் ஊறிப்போய் இருந்துச்சு. அதனாலதான் டிசம்பர் மழைக்குப் போக இடம் இல்ல. வெள்ளம் வந்த நாளை எல்லாரும் படம் எடுத்து வெச்சிருக்கோம். அதுக்கு முன்னாடி மூணு வாரம் உங்க தெரு ஏரி எந்த அளவுல இருந்துச்சுங்கிறது யார்கிட்டயும் இருக்காது. அந்தச் சாதாரண நாட்களைப் பிடிச்சு வைக்கத்தான் இந்த ஏற்பாடு.

கருவிக்கு வருவோம். ஜே-ஆர்-என்-எல்னு நாலு எழுத்துல ஒரு கமாண்ட் லைன் மென்பொருள். இலவசம், பைத்தான்ல எழுதினது, பதிவுகளைச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலா வைக்கும். அதோட நாலாவது பதிப்புல டெம்ப்ளேட் வசதி வந்துச்சு. மென்பொருள் தன் தரவை வைக்கிற இடத்துல டெம்ப்ளேட்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுல மழைங்கிற பேர்ல ஒரு ஃபைல் போடுங்க. செட்டிங்ஸ்ல ஒரு எடிட்டரைக் குறிப்பிட்டிருக்கணும். அப்புறம் டெர்மினல்ல ஜே-ஆர்-என்-எல், ஒரு இடைவெளி, ரெண்டு கோடு ஒட்டின டெம்ப்ளேட்ங்கிற சொல், இன்னொரு இடைவெளி, மழை. என்டர் தட்டினா, உங்க கேள்விகளோட எடிட்டர் திறக்கும். நிரப்பிச் சேமிச்சா தேதியோட பதிவாகிடும்.

கேள்விகளை எழுதுறதுலதான் முழு யோசனையும் இருக்கு. முதல் வரி: வீட்டு மழைமானியில மழை எத்தனை மில்லிமீட்டர். இதை முதல் வரியில வைக்கிறதுக்குக் காரணம், இந்த மென்பொருள் முதல் வரியைத் தலைப்பா எடுத்துக்கும். அதே மாதிரி ரெண்டு கோடு ஒட்டி ஷார்ட்னு கேட்டா தேதியும் தலைப்பும் மட்டும் வரிசையா வரும், ஒரு மாத மழை ஒரே பார்வையில கிடைக்கும். ரெண்டாவது வரி: அளவு படிச்ச நேரம். இதை விட்டுடாதீங்க. மென்பொருள் தானா போடுற நேரம் நீங்க எழுதின நேரம். ஒன்பதே காலுக்கு எழுதினா ஒன்பதே கால்னுதான் இருக்கும், மழைமானியைப் பார்த்தது எட்டரையா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. மூணாவது: படிக்கட்டுலயோ மதகுச் சுவர்லயோ நீங்க தேர்ந்தெடுத்த ஒரே அடையாளத்துக்கு எவ்வளவு கீழே ஏரித் தண்ணி நிக்குது. நாலாவது: கலங்கல் வழியுதா. கடைசியா, எந்தக் கேள்வியும் இல்லாம ஒரு வெற்று வரி.

இப்படிக் கட்டம் போட்டா எழுத்து உயிரில்லாம போயிடும்னு ஒரு வாதம் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளையோட நாட்குறிப்பைப் பாருங்க. 1736லேருந்து 1761 வரைக்கும் புதுச்சேரியில எழுதினது. ஆங்கிலத் தேதியும் தமிழ்த் தேதியும் சேர்ந்து வர்ற தலைப்பு அதுல திரும்பத் திரும்ப வரும். அந்தக் கட்டுப்பாடு அவர் கையைக் கட்டிப் போடல. வியாபாரம், போர், கோட்டைக்குள்ள நடந்த பேச்சு எல்லாமே தலைப்புக்குக் கீழே தாராளமா ஓடுது. அந்தத் தேதிகளை வெச்சுத்தான் பிரெஞ்சு ஆவணங்களோட நாளுக்கு நாள் ஒப்பிட முடியுது.

இதைவிட வலுவான ஆட்சேபம், தினமும் ஒரே கேள்வி வந்தா மனுஷன் யோசிக்காம நிரப்பிடுவான்ங்கிறது. உண்மைதான், அந்த ஆபத்து இருக்கு. அதனாலதான் டெம்ப்ளேட்ல எந்த விடையையும் முன்கூட்டியே போட்டு வைக்கக் கூடாது. மழை இல்லாத நாள்தானே அதிகம்னு பூஜ்யத்தை அச்சடிச்சு வெச்சா, பார்த்துட்டு எழுதின பூஜ்யமும் பார்க்காம விட்ட பூஜ்யமும் ஒண்ணாயிடும். இந்தக் கருவி அதுக்கு ஓரளவு துணை நிக்குது: டெம்ப்ளேட்டைத் தொடாமலே மூடினா, மாற்றம் எதுவும் இல்லைன்னு சொல்லிப் பதிவைச் சேமிக்க மறுத்துடும். பூஜ்யத்தை நீங்களே தட்டணும். இந்தக் கணக்குல பூஜ்யத்துக்கு மதிப்பு உண்டு. 2.5 மில்லிமீட்டரும் அதுக்கு மேலயும் பெய்தாத்தான் வானிலைத் துறை அதை மழைநாள்னு எண்ணும். வறண்ட நாளையும் பார்க்காம விட்ட நாளையும் பிரிச்சு எழுதலைன்னா அந்த எண்ணிக்கையை நம்ப முடியாது.

குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுவுல போட்டா போதாதான்னு கேட்கலாம். எச்சரிக்கை பண்ண அது நல்ல இடம், அதை விடச் சொல்லல. ஆனா வருஷங்கள் கழிச்சு, மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பருக்கு முந்தின மாசம் ஏரி எப்படி இருந்துச்சுன்னு அங்க தேடிப் பாருங்க. இந்தக் கருவியில ரெண்டு தேதி கொடுத்தா போதும், இடையில உள்ள பதிவெல்லாம் வந்துடும். டெர்மினல் பழக்கம் இல்லாதவங்க இதே கேள்விகளை நோட்டுல எழுதலாம். கேள்வி மாறாம இருக்கணும், அவ்வளவுதான்.

ஊருக்குப் போயிட்டு வந்தா என்ன பண்றது? விட்ட நாட்களுக்கு ஊகிச்சு எழுதாதீங்க, அந்தத் தேதிகள் காலியாவே இருக்கட்டும். மழைமானியில சேர்ந்து நிக்கிற தண்ணியைத் திரும்பி வந்த அன்னைக்கு அளந்து, எத்தனை நாள் சேர்ந்த அளவுன்னு வெற்று வரியில குறிச்சுடுங்க.