செல்லரித்த ஏடாக வரும் வான்செய்தி

1961 டிசம்பர் 12. கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்பிய ராக்கெட் ஒன்று, எடையைச் சரிக்கட்ட வைக்கும் வெற்றுக் கட்டிக்குப் பதிலாக நாலரைக் கிலோ பெட்டி ஒன்றைச் சுமந்து போனது. பெயர் ஆஸ்கர்-1. ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் தங்கள் கார் ஷெட்டுகளில் வைத்துக் கட்டிய முதல் செயற்கைக்கோள். அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். மோர்ஸ் ஒலியில் நான்கு புள்ளி, பிறகு இரண்டு புள்ளி: ‘எச், ஐ’.

அந்த ஒற்றைச் சொல்லுக்குள்ளும் ஒரு சேதி இருந்தது. பெட்டிக்குள் வெப்பம் மாற மாற, சொல் வரும் வேகமும் மாறும். காதில் ஹெட்ஃபோன், கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும். பத்து முறை ஒலிக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து, அங்கே எவ்வளவு சூடு என்று சொல்லிவிடலாம். 28 நாடுகளிலிருந்து 570க்கும் மேற்பட்டவர்கள் இப்படிக் கேட்டு எழுதி அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் பேட்டரி தீர்ந்தது, குரலும் நின்றது.

அன்றைய ஸ்டாப்வாட்ச் இருந்த இடத்தில் இன்று இருப்பது கட்டைவிரல் அளவு யுஎஸ்பி டாங்கிள். கணினியில் டிஜிட்டல் டிவி பார்க்க விற்கப்பட்ட மலிவான பொருள் அது. அதிலுள்ள ஆர்டிஎல்2832யூ என்ற சிப், ஆண்டெனாவில் விழும் அலையைச் சமைக்காமல் பச்சையாக, வெறும் எண்களாகவே கணினிக்குத் தள்ளிவிடவும் வல்லது என்பதை 2012இல் சிலர் கண்டுகொண்டார்கள். அதுவரை வானொலிப் பெட்டிக்குள் சுருளும் வடிகட்டியும் செய்துவந்த வேலை, அன்றிலிருந்து யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய நிரல் ஆயிற்று. இதைத்தான் மென்பொருள் வானொலி, சுருக்கமாக எஸ்டிஆர், என்கிறார்கள்.

டாங்கிள் தரும் எண்கள் ஜோடி ஜோடியாக வரும். ஏன் ஜோடி? ஓடும் சைக்கிளின் சக்கரத்தில் வால்வை மட்டும் கவனியுங்கள். நேர் எதிரே நின்று பார்த்தால் அது மேலும் கீழும் போய்வருவது தெரியும். சக்கரம் முன்னே சுழல்கிறதா பின்னே சுழல்கிறதா என்பது தெரியாது. மேலிருந்து இன்னொருவர் பார்த்து, வால்வு முன்னும் பின்னும் போவதையும் சொன்னால், இரண்டையும் சேர்த்து அது எந்த நொடியில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். வானொலி அலையும் அப்படிச் சுழலும் சக்கரம்தான். நொடிக்கு 24 லட்சம் முறை இந்த இரண்டு அளவையும் டாங்கிள் எடுத்துக் கொடுக்கும்.

இந்த டாங்கிளில் கேட்பதற்கென்றே அளவெடுத்துச் செய்தாற்போல் ஒரு செயற்கைக்கோள் உண்டு. பிரிட்டனின் ஹாம் ஆர்வலர் அமைப்பான ஆம்சாட்-யுகே பள்ளி மாணவர்களுக்காக உருவாக்கிய ஃபன்கியூப்-1. பத்து சென்டிமீட்டர் கனசதுரம், எடை ஒரு கிலோகூட இல்லை. 2013 நவம்பர் 21 அன்று ரஷ்யாவிலிருந்து ஏவப்பட்டது. பூமிக்கு 600 கிலோமீட்டருக்கு மேலே சுற்றியபடி, 145.935 மெகாஹெர்ட்ஸில் தன் உடல்நிலையை நொடிக்கு 1,200 பிட் வேகத்தில் ஒப்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதன் குரலின் திறன் 300 மில்லிவாட். வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு உண்கிற மின்சாரத்தில் முப்பதில் ஒரு பங்கு. தொடுவானத்தில் தலைகாட்டும்போது அது நம்மிடமிருந்து 2,800 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்.

அதைப் பிடிக்கப் பெரிய தட்டு எதுவும் தேவையில்லை. தலா அரை மீட்டர் நீளத்தில் இரண்டு உலோகக் கம்பிகளை ‘வி’ வடிவில் விரித்து மொட்டை மாடியில் வைத்தால் அதுவே ஆண்டெனா. கணினித் திரையில் அலைகள் நீர்வீழ்ச்சிபோல் மேலிருந்து கீழே வழியும். செங்குத்தாக, கோடு போட்டதுபோல் இறங்குபவை பெரும்பாலும் நம் வீட்டுச் சரக்கு: போன் சார்ஜர், பல்பு, கணினியேதான். அவற்றுக்கு நடுவே ஒரு கோடு மட்டும் வளைந்து, ‘எஸ்’போல நெளிந்து வரும். வளைகிறதென்றால் அது ஓடுகிறது என்று பொருள். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உயர்ந்த சுருதியில் கேட்டு, கடந்து போனதும் இறங்குகிறதே, அதே டோப்ளர் விளைவு. 145 மெகாஹெர்ட்ஸில் இந்த ஏற்ற இறக்கம் இரு பக்கமும் மூன்று கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேல். 1957இல் ஸ்புட்னிக்கின் இதே வளைவை வைத்துத்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கையர், வைஃபன்பாக் என்ற இரு இயற்பியலாளர்கள் அதன் பாதையையே கணக்கிட்டார்கள். நாமோ பாதையைத் தெரிந்துவைத்துக்கொண்டு வளைவை நிமிர்த்துகிறோம். மென்பொருள் அதைத் தானே செய்துவிடும்.

நிமிர்த்தியாயிற்று. இனி வால்வைப் பார்க்க வேண்டும். ஃபன்கியூப் தன் பிட்டுகளைச் சொல்லும் விதம் எளிது: சக்கரம் சுழன்றுகொண்டிருக்கையில் சட்டென்று அரைச்சுற்று தாவினால் ஒரு பொருள், தாவாமல் தொடர்ந்தால் இன்னொரு பொருள். பூஜ்யமும் ஒன்றும் கிடைத்துவிட்டன. ஆனால் அவற்றில் சில பொய். செயற்கைக்கோள் தானும் சுழல்வதால் குரல் விட்டுவிட்டு மங்குகிறது. இரைச்சல் பிட்டுகளைப் புரட்டிப் போடுகிறது. வந்து சேர்ந்திருப்பது செல்லரித்த ஏடு.

சுவடிகளைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஒரு பிரதியில் பூச்சி அரித்த இடத்தை இன்னொரு பிரதியைத் தேடி ஒப்பிட்டு நிரப்பினார். செயற்கைக்கோள் தன் மறுபிரதியைத் தன் மடியிலேயே கட்டிக்கொண்டு வருகிறது. ஃபன்கியூப் ஒரு பொதியில் சொல்ல விரும்புவது 256 பைட், அதாவது 2,048 பிட். அனுப்புவதோ 5,200 பிட். அமெரிக்க ஹாம் ஆர்வலர் ஃபில் கார்ன் ஆஸ்கர்-40 செயற்கைக்கோளுக்கென்று வகுத்த முறை இது. மிகுதியில் பெரும்பகுதி அரித்த எழுத்தை ஊகித்து நிரப்ப உதவும் சரிபார்ப்புப் பிட்டுகள்.

அதிலும் ஒரு சூட்சுமம். அடுத்தடுத்த பிட்டுகளை அடுத்தடுத்து அனுப்புவதில்லை; கலைத்துப் போட்டு அனுப்புகிறார்கள். கரையான் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுவதையும் தின்றால் அந்தப் பக்கம் போனது போனதுதான். ஒவ்வொரு வாக்கியத்தின் சொற்களையும் நூல் முழுவதும் பக்கத்துக்கு ஒன்றாகத் தூவி வைத்திருந்தால், ஒரு பக்கம் அழிந்தாலும் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு சொல்தான் குறையும். அதை வாசகரே நிரப்பிக்கொள்வார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் கடக்கும் பத்து நிமிடத்தில் டாங்கிள் குவிப்பது ஏறத்தாழ 3 ஜிகாபைட். ஐந்து நொடிக்கு ஒரு பொதி வீதம் தேறும் செய்தி அதிகபட்சம் 30 கிலோபைட். லட்சம் படி உமியைப் புடைத்து ஒரு படி அரிசி எடுப்பது போல.

ஒன்று கவனிக்க வேண்டும்: இதில் பூட்டை உடைக்கும் வேலை எதுவும் இல்லை. அமெச்சூர் அலைகளில் பொருளை மறைக்கும் சங்கேதத்தைப் பன்னாட்டு வானொலி விதிகள் அனுமதிப்பதில்லை. செயற்கைக்கோளுக்குத் தரையிலிருந்து இடும் கட்டளைகளுக்கு மட்டும் விலக்கு. ஒளித்துவைத்தவர் யாருமில்லை. தூரம், வேகம், இரைச்சல் ஆகிய மூன்றும் சிதைத்ததைத்தான் ஒவ்வொன்றாகச் சரிசெய்கிறோம்.

ஆனாலும் ஒரு மாடிக்குக் கிடைப்பது பத்து நிமிடத் துண்டுதான். செயற்கைக்கோள் ஒரு சுற்று வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மீதிக் கதை வேறு கண்டத்தின் மாடிகளில் விழுகிறது. ஏவிய அன்று ஃபன்கியூப்பின் முதல் பொதி வந்ததே தென்னாப்பிரிக்காவிலிருந்துதான். கேட்பவர் ஒவ்வொருவரின் கணினியும் தான் மீட்ட பொதியை இணையம் வழியே பொதுக் கிடங்கு ஒன்றுக்கு அனுப்பிவிட, அங்கே பிரதிகள் சேர்ந்து ஏடு முழுமையாகும்.

அந்த ஏட்டில் என்ன எழுதியிருக்கும்? பேட்டரி எவ்வளவு, சூரியத் தகட்டில் மின்னோட்டம் எவ்வளவு. கூடவே மாணவர்களுக்கென்று வைத்த ஒரு சோதனை: கறுப்புப் பரப்பு ஒன்று, வெள்ளிபோல் மின்னும் பரப்பு ஒன்று, இரண்டின் வெப்பநிலை. வெயிலிலிருந்து பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் கறுப்பும் வெள்ளியும் ஆளுக்கொரு வேகத்தில் குளிர்வதை வகுப்பறைப் பலகையில் வரைபடமாகப் போடலாம். கருவிகள் மாறிவிட்டன. ஆனால் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருந்தவர்கள் 1961இல் கேட்ட அதே கேள்விதான்: அங்கே இப்போது எவ்வளவு சூடு?