ஒரு புள்ளடியும் இரண்டு கேள்விகளும்

மாரி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுது. 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் தொடக்கம். எங்கள் அயல்வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருந்தார். மடியில் ஐந்தாறு தேர்தல் விஞ்ஞாபனங்கள். செப்டெம்பர் 21ஆந் திகதி ஜனாதிபதித் தேர்தலிற் பூசிய மையின் சுவடு நகத்தில் இன்னும் முற்றாக மறையவில்லை; அதற்குள் நவம்பர் 14ஆந் திகதிப் பாராளுமன்றத் தேர்தல் வாசலில் வந்து நின்றது.

“தம்பி, போன முறை ஆளைப் பார்த்துப் போட்டன். இந்த முறை ஆளைப் பார்க்கிறதோ, கொள்கையைப் பார்க்கிறதோ? நல்ல கொள்கை சொல்லுற இடத்தில எனக்கு நம்பிக்கையான ஆள் இல்லை. நம்பிக்கையான ஆள் நிக்கிற இடத்தில கொள்கை பிடிக்கேல்லை” என்றார்.

இத்தகையோரை ‘மதில்மேற் பூனை’ என்று எள்ளி நகையாடுவது கட்சிக்காரர் வழக்கம். கட்சிக்காரருக்கென்ன? அவருக்குரிய யோசனையையும் கட்சியே செய்து முடித்துவிடுகிறது! ஆனால், ஆட்சியை ஆக்குவதும் அழிப்பதும் பெரும்பாலும் மதில்மேல் நிற்கும் அந்தப் பூனை எந்தப் பக்கம் பாய்கிறது என்பதைப் பொறுத்ததே. நம் முன்னோருக்கு இத்தொல்லை இருக்கவில்லை. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக் கூறும் குடவோலை முறையில், தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். ஊரவர் தடுமாற வேண்டிய அவசியமே இல்லை. கணக்குக் காட்டாதவனுடைய பெயர் அந்தக் குடத்துக்குட் புகவும் முடியாது. (இவ்விதி இன்று இருக்குமாயின் நமது வாக்குச் சீட்டின் நீளம் எவ்வளவு குறைந்துவிடும்!)

பெரியவரின் கேள்விக்கு நேரே விடைசொல்லும் துணிவு எனக்கு இல்லை. புள்ளடி போடும் இந்தத் தேர்தல் முறையை நமக்குத் தந்த நாட்டிலேயே, இதே கேள்வி எக்காலத்திலும் இல்லாத கூர்மையுடன் எழுந்த ஒரு தேர்தலின் கதையை அவருக்குச் சொன்னேன். அது 1945ஆம் ஆண்டு பிரித்தானியாவில் நடந்த பொதுத் தேர்தல்.

அவ்வாண்டு மே 8ஆந் திகதி ஐரோப்பாவில் யுத்தம் முடிந்தது. 1935 நவம்பருக்குப் பின்னர் அந்நாட்டு மக்கள் பொதுத் தேர்தலையே கண்டதில்லை. இருபத்தொரு வயது நிரம்பி, வாழ்க்கையில் முதற்றடவையாக வாக்களிக்கக் காத்திருந்த இளைஞர் கூட்டம் மிகப் பெரிது. பிரதம மந்திரி வின்ஸ்ரன் சேர்ச்சில் நாட்டையே தோளில் தாங்கி நின்றவர் எனப் போற்றப்பட்டார். மே மாதத்தில் கலப் நிறுவனம் எடுத்த கருத்துக் கணிப்பில் நூற்றுக்கு 83 பேர் அவரை மெச்சினார்கள். இத்தகைய தலைவர் கையிலிருக்கும்போது கொன்சர்வேட்டிவ் கட்சிக்கு வேறென்ன வேண்டும்? அதன் விஞ்ஞாபனத்தின் தலைப்பிலேயே அவர் பெயர்தான் இருந்தது: ‘வாக்காளருக்குத் திரு. சேர்ச்சிலின் கொள்கைப் பிரகடனம்’. தொழிற் கட்சியின் விஞ்ஞாபனத் தலைப்பிலோ எவர் பெயருமில்லை. ‘எதிர்காலத்தை எதிர்கொள்வோம்’ என்பதே அதன் தலைப்பு. அக்கட்சியின் தலைவர் கிளெமென்ற் அட்லி, மனைவி காரோட்ட அருகில் அமர்ந்து ஊரூராகச் சென்று வாக்குக் கேட்ட, ஆரவாரமறியாத மனிதர்.

இந்நிலையில் ஒரு குடும்பப் பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இலண்டன் புறநகரொன்றில், ஜேர்மனியரின் குண்டுகளால் வீட்டை இழந்து, மாமியார் வீட்டின் ஒற்றை அறையிற் குழந்தையுடன் ஒடுங்கிக் கிடக்கிறாள். கணவன் இன்னும் படையில். அவள் வேண்டுவது ஒரு வீடு. அக்காலத்துக் கருத்துக் கணிப்புகளிலும் மக்கள் முதலிடங் கொடுத்தது வீட்டுப் பிரச்சினைக்கே. இரண்டு விஞ்ஞாபனங்களையும் அவள் வாசித்திருந்தால் வியப்படைந்திருப்பாள். இரண்டும் வீடு தருவதாகச் சொல்லின, வேலை தருவதாகச் சொல்லின, வைத்திய வசதியும் காப்புறுதியும் தருவதாகச் சொல்லின. 1942 டிசெம்பரில் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை வறுமை, நோய், அறியாமை, அழுக்குச் சூழல், வேலையின்மை ஆகிய ஐந்தையும் ஐந்து அரக்கர்களென வருணித்தது. வரிசையில் நின்று மக்கள் வாங்கிய அந்த அரசாங்க அறிக்கை, சுருக்கப் பதிப்புடன் ஆறு இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையானதாம். அதற்குப் பின் அந்த அரக்கர்களைக் கொல்ல மாட்டோமென்று சொல்லும் துணிவு எந்தக் கட்சிக்கும் இருக்கவில்லை.

ஆகவே, கொள்கையைப் பார்த்தால் பெரிய பேதமில்லை. தலைவரைப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்குமுள்ள பேதம். சேர்ச்சில் வெல்லுவதுதானே நியாயம்?

இங்கேதான் பழைய நினைவொன்று குறுக்கிட்டது. 1918 டிசெம்பரில், முதலாம் உலக யுத்தம் முடிந்த கையோடு நடந்த தேர்தலிலும் யுத்தத்தை வென்ற ஒரு தலைவர் நின்றார். அவர் லொயிட் ஜோர்ஜ். வீரர்கள் வாழத் தகுந்த நாடொன்றை ஆக்குவோம் என்றார். மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். ஆனால், அந்த வாக்குகளால் பாராளுமன்றத்தை நிரப்பியவர்களிற் பெரும்பான்மையோர் அவரோடு கூட்டுச் சேர்ந்த கொன்சர்வேட்டிவ் கட்சியினர். சிக்கனம் என்ற பெயரால் 1921இல் வீடமைப்புத் திட்டம் வெட்டிச் சுருக்கப்பட்டது. 1922 ஒக்டோபரில் அதே கூட்டாளிகள் அவரைக் கைவிட, பதவியிழந்த லொயிட் ஜோர்ஜ் மீண்டும் மந்திரிசபைப் படியேறவேயில்லை. தலைவரை நம்பிப் போட்ட வாக்குகள் யாவும் கட்சியின் கணக்கிற் சேர்ந்தன. தலைவர் போனார், கட்சி இருந்தது, வீடுகளைத்தான் காணோம்.

சேர்ச்சிலின் நிலை இன்னும் விசித்திரமானது. 1930களில் ஆட்சியில் ஓங்கியிருந்த அதே கொன்சர்வேட்டிவ் கட்சியைப் பதவியின்றி வெளியே நின்று கண்டித்தவர் அவர். ஹிட்லருடன் 1938இல் மியூனிக்கிற் செய்த உடன்பாட்டை வன்மையாகத் தாக்கியவரும் அவரே. ஏறத்தாழ 30 இலட்சம் பேர் வேலையின்றி நின்ற அந்தக் காலத்தின் கசப்பு மக்கள் நாவில் எஞ்சியிருந்தது. சேர்ச்சிலை மதித்தவன் அவருடைய கட்சியை வெறுப்பதற்கு வேறு சாட்சி தேடவேண்டியதில்லை. சேர்ச்சிலின் பழைய பேச்சுகளே போதும்!

அவரும் தம் பங்குக்கு ஒரு பிழை செய்தார். ஜூன் 4ஆந் திகதி வானொலியிற் பேசியபோது, சோஷலிச ஆட்சி வந்தால் ஒருவகைக் கெஸ்டாப்போவின்றி நடக்காது என்றார். ஐந்தாண்டுகள் தம் மந்திரிசபையில் அருகிருந்த அட்லியையும் அவர் தோழர்களையும் பற்றிய பேச்சு இது. அவ்வசனத்தை நீக்கிவிடும்படி அவருடைய துணைவியார் முன்னரே கேட்டுக்கொண்டாராம். மறுநாள் இரவு அட்லி அமைதியாக விடையிறுத்தார்: யுத்தகாலத்தில் ஒன்றுபட்ட நாட்டின் மாபெருந் தலைவராயிருந்தவருக்கும் ஒரு கட்சியின் தலைவருக்குமுள்ள வேற்றுமையை மக்களுக்கு உணர்த்தவே பிரதம மந்திரி அப்படிப் பேசினார் போலும் என்பது அவ்விடையின் சாரம். தடுமாறி நின்றவர்களுக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு வேற்றுமைதான்.

ஜூலை 5ஆந் திகதி வாக்களிப்பு. அக்காலத்துப் பிரித்தானிய வாக்குச் சீட்டிற் கட்சியின் பெயர் அச்சிடப்படுவதில்லை. அபேட்சகரின் பெயர், விலாசம், தொழில் என்பனவே இருக்கும். தலைவருமில்லை, கொள்கையுமில்லை, கட்சியுமில்லை! சேர்ச்சிலின் பெயரைக் காணும் பேறு வூட்போர்ட் தொகுதியாருக்கு மட்டுமே. அங்கே தொழிற் கட்சியும் லிபரல் கட்சியும் மரியாதையின் நிமித்தம் எவரையும் நிறுத்தவில்லை. எனினும், எதிர்த்து நின்ற சுயேச்சை அபேட்சகர் ஒருவருக்கு 10,000க்கு மேற்பட்ட வாக்குகள் விழுந்தன.

வெளிநாடுகளிற் சிதறிக் கிடந்த படையினரின் வாக்குகள் வந்து சேரும்வரை பெட்டிகள் மூன்று வாரம் முத்திரையிடப்பட்டிருந்தன. ஒரு தேசத்தின் தீர்ப்பு பூட்டிய பெட்டிகளுக்குள் உறங்க, சேர்ச்சில் பொட்ஸ்டாமில் ஸ்டாலினோடும் ட்ரூமனோடும் உலகத்தைப் பங்கிடும் மாநாட்டில் அமர்ந்திருந்தார். அட்லியையும் உடன் அழைத்துச் சென்றிருந்தார். ஜூலை 26ஆந் திகதி பெட்டிகள் திறக்கப்பட்டன. 640 ஆசனங்களில் தொழிற் கட்சிக்கு 393. கொன்சர்வேட்டிவ் கட்சிக்குத் துணைக் கட்சிகளையுஞ் சேர்த்து 200ஐச் சற்றே கடந்த தொகை. பொட்ஸ்டாமுக்குப் பிரதம மந்திரியாகத் திரும்பிச் சென்றவர் அட்லி. இது மறைமுகமானதோர் அருளாக இருக்கலாம் என்று துணைவியார் ஆறுதல் கூற, அப்படியானால் அது மிகத் திறமையாகவே மறைந்திருக்கிறது என்றாராம் சேர்ச்சில்.

‘ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி’ என்று நம்மூரிற் சொல்வார்களே, அந்த நன்றிகெட்டதனம் என்று இதைப் பழிப்போர் இன்றுமுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீதியில் ஆரவாரித்து வாழ்த்தியபோது நன்றிக்கடனைச் செலுத்தினார்கள். வாக்குச் சாவடியில் வீட்டைக் கேட்டார்கள். தலைவரா, கொள்கையா என்ற இரண்டு கேள்விகளுக்கு நடுவே அவர்கள் மூன்றாவதொன்றைக் கண்டுகொண்டார்கள்: தலைவருக்குப் பின்னால் நிற்பவர்கள் யார், முன்னர் இவர்கள் கையில் நாடு இருந்தபோது என்ன செய்தார்கள்? எழுதிய கொள்கை இரு பக்கத்திலும் ஒன்றாயிருக்கும்போது, எழுதாத பழங்கணக்கே தராசைச் சாய்த்தது.

அந்தப் புள்ளடிகளின் பலன் நம்மையும் தொட்டது. அட்லி அரசாங்கத்தின் காலத்திலேயே 1947இல் இந்தியாவும் பாகிஸ்தானும், 1948 பெப்ரவரி 4ஆந் திகதி இலங்கையும் சுதந்திரமடைந்தன. நமக்கு அரசியலமைப்பு வகுக்க வந்த சோல்பரி ஆணைக்குழுவை 1944இல் நியமித்ததோ சேர்ச்சிலின் கூட்டு அரசாங்கம். மாமியார் வீட்டறையிலிருந்து சென்று வாக்களித்த அப்பெண் நம்மைப் பற்றி ஒரு கணமேனும் நினைத்திருப்பாளா? நினைத்திருக்க மாட்டாள்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட பெரியவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஒரேயொரு கேள்வி கேட்டார்.

“அது சரி தம்பி, அந்தப் பிள்ளைக்கு வீடு கிடைச்சுதோ?”

உண்மையைச் சொல்லத்தானே வேண்டும். 1946இல் வீடில்லாத ஆயிரக்கணக்கானோர் கைவிடப்பட்ட இராணுவ முகாம்களிற் புகுந்து குடியேறினர். யுத்தகாலத்திலும் பங்கீட்டுக்குட்படாத பாணுக்கு அவ்வாண்டு பங்கீடு வந்தது. வீடமைப்புக்கும் பொறுப்பாயிருந்த சுகாதார மந்திரி அனைரின் பெவன் பெரும்பாடுபட்டார். 1951க்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தும் காத்திருப்போர் வரிசை குறையவில்லை. அவ்வாண்டு ஒக்டோபர்த் தேர்தலில், ஆண்டுக்கு மூன்று இலட்சம் வீடுகள் கட்டுவோமென்ற வாக்குறுதியுடன் சேர்ச்சிலின் கட்சி மீண்டது; வாக்குத் தொகையிற் பின்தங்கியும் ஆசனங்களில் முந்திக்கொண்டது. 1953இல் அவ்வாக்குறுதியை நிறைவேற்றியுங் காட்டியது. தொழிற் கட்சி 1948 ஜூலை 5ஆந் திகதி தொடக்கிவைத்த இலவச வைத்திய சேவையைச் சேர்ச்சில் கலைக்கவுமில்லை.

“அப்ப நாற்பத்தஞ்சில போட்ட புள்ளடிக்கு ஐம்பத்து மூண்டு மட்டும் காத்திருந்தவையும் இருப்பினம்” என்று விரல்மடித்து எண்ணினார் பெரியவர்.

பின்பு மடியிலிருந்த விஞ்ஞாபனமொன்றைக் கவிழ்த்து, அதன் வெற்றுப் பக்கத்தில் நமது மாவட்டத்து அபேட்சகர்களின் பெயர்களைப் பென்சிலால் எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் ஐந்தாண்டுகளுக்கு முன் எந்தக் கட்சியில் இருந்தார், என்ன சொன்னார் என்று நினைவிலிருந்து குறித்தார். இடையிடையே என்னையும் கேட்டார். மழை ஓய்ந்து விளக்கேற்றும் வேளையில் மூன்று பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன.