கிரிப் அறிக்கையில் உங்கள் பெயரில் யாருடைய கடன்?

லொறி ஒன்றை லீசிங்கில் எடுக்கப் போகும் வியாபாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வங்கிக் கூற்று, வியாபாரப் பதிவு, அடையாள அட்டைப் பிரதி என்று கோவையில் ஒன்றும் குறைவில்லை. இரண்டு நாள் கழித்து, "கிரிப்பில் பிரச்சினை இருக்கிறது" என்று தொலைபேசியில் சொல்கிறார்கள். என்ன பிரச்சினை என்று அவரும் கேட்பதில்லை. கடன்காரன் என்று பெயர் வந்துவிட்டதே என்ற வெட்கத்தில் வேறு நிறுவனத்துக்குப் போகிறார். அங்கும் அதே பதில்தான்.

கிரிப் என்று நாம் சொல்லும் இலங்கை கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது. அங்கே 'கறுப்புப் பட்டியல்' என்று ஒன்று கிடையாது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் அனுப்பும் விபரங்களை அது சேர்த்து வைத்து, கேட்கும் உறுப்பு நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்வது நிறுவனமே. ஆகவே அனுப்பியவர் பிழையாக அனுப்பினால் அந்தப் பிழையும் அப்படியே எல்லா இடங்களுக்கும் போய்ச் சேரும்.

"நான் வட்டிக்குக் கடன் எடுப்பதில்லை, எனக்கும் கிரிப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் எம்மத்தியில் பலர். முராபஹா, இஜாரா என்று எந்தப் பெயரில் எடுத்தாலும், கொடுப்பது அனுமதி பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ என்றால் அந்த வசதியும் அங்கே பதிவாகும். மச்சானுக்காகப் போட்ட பிணைக் கையொப்பமும் உங்கள் அறிக்கையில் வரும். திரும்பிய காசோலைகளும் வரும். திகதி முன்னிட்ட செக்கில் வியாபாரம் நடத்தும் எமக்கு இந்தக் கடைசி விடயம் சிறியதல்ல.

பிழைகள் எங்கே நுழைகின்றன? முதலாவது எமது பெயர்களில். முஹம்மத் என்பதை ஆங்கிலத்தில் எழுத ஐந்தாறு விதங்கள் உண்டு. அடையாள அட்டையில் ஒரு விதம், வங்கிக் கணக்கில் ஒரு விதம், வியாபாரப் பதிவில் இன்னொரு விதம். முதலெழுத்துகள் மூன்றும் ஒன்றாக, ஊரும் ஒன்றாக இருக்கும் இருவர் ஒரே பஸாரில் கடை வைத்திருப்பதும் புதுமையல்ல. அடையாள அட்டை இலக்கத்தை ஒருவர் பிழையாகத் தட்டச்சு செய்தால் அடுத்தவரின் கடன் உங்கள் தலையில். பழைய ஒன்பது இலக்க எண்ணும் புதிய பன்னிரண்டு இலக்க எண்ணும் கலந்து புழங்கும் இக்காலத்தில் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, கட்டி முடித்த கடன். கடைசித் தவணையைச் செலுத்திவிட்டு வாகனப் புத்தகத்தைக் கேட்டு வாங்குவோம். தாமதக் கட்டணமாக முந்நூறு ரூபா மீதி நிற்பது எமக்குத் தெரியாது. அந்த முந்நூறு ரூபாவுக்காகக் கணக்கு மூடப்படாமல் மாதக்கணக்கில் நிலுவையாகக் காட்டும். பாவிக்காத கடனட்டையின் வருடாந்தக் கட்டணமும் இப்படித்தான். 2020இல் கொவிட் காலச் சலுகை பெற்றவர்கள், பிற்போடப்பட்ட தவணைகள் நிலுவையாகப் பதியப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது நல்லது.

உங்கள் அறிக்கையை நீங்களே பெறலாம். பணியகத்திலோ வர்த்தக வங்கிக் கிளை ஊடாகவோ விண்ணப்பிக்கலாம். இணையத்திலும் வசதி உண்டு. கட்டணம் செலுத்த வேண்டும். கடன் கேட்டுப் போவதற்கு முன்னரே எடுப்பதுதான் புத்தி. லொறிக்காரர் வாசலில் நிற்கும்போது திருத்தத்துக்கு அலைய முடியாது.

பிழை கண்டால் பணியகத்தில் முறையிடலாம். ஆனால் பணியகம் தானாக ஒரு எழுத்தையும் மாற்றாது. பதிவை அனுப்பிய நிறுவனத்திடமே விசாரிக்கும். எனவே அந்த நிறுவனத்துக்கே நேரில் போவது பெரும்பாலும் வேகமான வழி. வாய்ச்சொல்லில் நம்பிக்கை வைக்க வேண்டாம். முகாமையாளர் நல்லவராகவே இருக்கட்டும், அடுத்த மாதம் அவர் மாற்றலாகிப் போய்விடலாம். எந்தப் பதிவு பிழை, சரியானது எது என்று ஒரு பக்கத்தில் எழுதி, அடையாள அட்டைப் பிரதி, பற்றுச்சீட்டுகள், கடன் தீர்த்த கடிதம் ஆகியவற்றை இணைத்துக் கொடுங்கள். உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட திகதியும் முத்திரையும் வாங்குங்கள். நிறுவனம் அசையாவிட்டால், அந்த முத்திரைப் பிரதியுடன் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம்.

இன்னொன்று. "கிரிப்பைச் சுத்தம் செய்து தருகிறோம்" என்று இலட்சக்கணக்கில் கேட்கும் தரகர்கள் உள்ளனர். பிழையான பதிவைத் திருத்தத் தரகர் தேவையில்லை. உண்மையான நிலுவையை எந்தத் தரகராலும் அழிக்க முடியாது, கட்டத்தான் வேண்டும். கட்டிய பிறகும் தாமதித்த வரலாறு சில காலம் அறிக்கையில் நிற்கும்.

திருத்தியாயிற்று என்று நிறுவனம் சொன்னால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விபரங்கள் மாதாந்தம் அனுப்பப்படுவதால் உடனே மாறியிருக்காது. ஒரு மாதம் விட்டு இன்னொரு அறிக்கை எடுத்துப் பார்த்த பின் லொறிக்கு விண்ணப்பிக்கலாம்.