மேகத்தில் ஒரு கணக்குப்பிள்ளை
வியாபார மென்பொருள்களை இணைக்கும் தளத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



பினாங்கு லிட்டல் இந்தியாவில் இருக்கும் லெபோ பாசாரை நம் பெரியவர்கள் கடைத்தெரு என்றுதான் சொல்வார்கள். அந்த வட்டாரத்தில் என் மாமாவுக்கு மசாலைப் பொருள் மொத்த வியாபாரம். கடையில் மூன்று மென்பொருள்கள் ஓடுகின்றன. கல்லாவில் பில் போட ஒன்று, கணக்கு எழுத ஒன்று, இணையத்தில் வரும் ஆர்டர்களுக்கு ஒன்று. மூன்றும் ஒன்றோடொன்று பேசாது. ஆகவே கடை சாத்திய பிறகு மாமா மகள் உட்கார்ந்து, ஒன்றில் இருப்பதைப் பார்த்து இன்னொன்றில் தட்டச்சு செய்வாள்.

2024 தீபாவளிக்கு முன்பு, இவற்றை இணைத்துத் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் வந்தது. பெயர் வேண்டாம். இரண்டு மாதம் எல்லாம் நன்றாக நடந்தது. தீபாவளி நெருக்கடியில் ஒரு கடவுச்சொல் காலாவதியாகி இணைப்பு அறுந்தது. நான்கு நாள் யாருக்கும் தெரியாது. தெரிந்தபோது, விடுபட்ட ஆர்டர்களை அவள் கையாலேயே கணக்கில் ஏற்றினாள். மறுநாள் நிறுவனத்தார் இணைப்பைச் சரிசெய்தார்கள். உடனே அந்த நான்கு நாள் ஆர்டர்களும் தாமாக இன்னொரு முறை ஏறின. விற்பனை இரட்டிப்பு, சரக்கு இருப்போ கழிவில்! அதைச் சரிசெய்ய மூன்று இரவு பிடித்தது. "பழையபடி கையாலேயே எழுதியிருக்கலாம்" என்றார் மாமா.

எழுதியிருக்க வேண்டியதில்லை. சரியான கேள்விகளைக் கேட்டிருந்தால் போதும். நான் மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள், கணினிப் பொறியாளர் அல்ல. கேள்வி கேட்பது மட்டும்தான் என் தொழில். அந்தக் கேள்விகளை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பேரேட்டில் ஏற்றும் வேலை

பினாங்கு ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கிகள் நடந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அன்றாட வரவு செலவைக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். பிறகு அதைப் பார்த்து ஆளுக்கு ஆள், இனத்துக்கு இனம் பேரேட்டில் ஏற்றுவார்கள். கடைசியில் ஐந்தொகை போடுவார்கள். ஒரு பற்று விட்டுப்போனாலும் இரண்டு முறை ஏறினாலும் ஐந்தொகை இடிக்கும்.

மேகக் கணிமை வழி இயங்கும் இணைப்புத் தளம் செய்வது இந்த ஏற்றும் வேலையைத்தான். ஓர் ஆர்டர் வந்ததும் அதை எடுத்து, கணக்கு மென்பொருளுக்குப் புரியும் வடிவத்தில் மாற்றி, அங்கே பதிந்து, சரக்கு இருப்பைக் குறைத்து, வாடிக்கையாளருக்குச் செய்தியும் அனுப்பும். இதை உங்கள் கடைக் கணினியில் வைக்காமல், இணையத்தில் வேறொருவரின் கணினியில் மாதச் சந்தாவுக்கு ஓட்டுகிறார்கள். ஆக, நீங்கள் வாங்குவது ஒரு மென்பொருள் என்று எண்ணாதீர்கள். ஒரு கணக்குப்பிள்ளையை வேலைக்கு வைக்கிறீர்கள். எவ்வளவு வேகமாக எழுதுவான் என்பதைவிட, சந்தேகம் வந்தால் என்ன செய்வான் என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

இப்போது ஏன் இந்த அவசரம்?

காரணம் மின் விலைப்பட்டியல், அதாவது இ-இன்வாய்ஸ். ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்டு 1ஆம் தேதி இது கட்டாயமானது. 2025 ஜனவரியில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவர்களும், ஜூலையில் 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்களும் சேர்ந்தார்கள். 2026 ஜனவரி 1 முதல் 10 லட்சத்துக்கு மேல் விற்பவர்களும் இதற்குள் வந்துவிட்டார்கள். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குப் பொதுவாக விலக்கு உண்டு.

பட்டியலை முதலில் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் முறைக்கு அனுப்ப வேண்டும். அது சரிபார்த்துத் தனி எண் தரும். அதன் பிறகு ரத்து செய்ய 72 மணி நேரம்தான் அவகாசம். அது கடந்தால் கிரெடிட் நோட்டு போன்றவற்றைப் போட்டுத்தான் திருத்த முடியும். தொடக்கக் காலத்துக்குத் தளர்வு உண்டு. ஆனால் பட்டியல் அனுப்பத் தவறினால், வருமான வரிச் சட்டத்தின் 120ஆம் பிரிவின்படி 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

மாமா கடையில் நடந்ததை இப்போது நினைத்துப் பாருங்கள். அன்று தவறு வீட்டுக்குள்ளேயே முடிந்தது. இன்று அதே தவறு வரி வாரியத்தின் ஏட்டில் ஏறிவிடும்.

முதல் கேள்வி: எனக்கு இது தேவைதானா?

மாதம் இருபது, முப்பது பட்டியல்தான் என்றால் மைஇன்வாய்ஸ் இணையப் பக்கத்திலேயே இலவசமாக நிரப்பலாம். எக்செல் கோப்பாக மொத்தமாகவும் ஏற்றலாம். நம் நாட்டில் பல கடைகளில் இருக்கும் எஸ்கியூஎல் அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் போன்ற கணக்கு மென்பொருள்கள் மைஇன்வாய்ஸுடன் நேரடியாகவே இணைகின்றன. நேர்வழி இருக்கும்போது நடுவில் ஒருவருக்கு ஏன் சந்தா? மூன்று, நான்கு மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேச வேண்டும், நேர்வழி இல்லை என்றால் மட்டும் இணைப்புத் தளத்தைத் தேடுங்கள்.

தேடும் முன், ஒரு தாளில் உங்கள் கடையின் ஓட்டத்தை எழுதுங்கள். வாடிக்கையாளர் விவரம் எங்கே பிறக்கிறது? விலையை எங்கே மாற்றுகிறீர்கள்? சரக்கு இருப்புக்கு எந்த ஏடு இறுதி? ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏடுதான் மூலமாக இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் விலையை மாற்றும் பழக்கம் இருந்தால், இணைப்புத் தளம் அந்தக் குழப்பத்தை இன்னும் வேகமாகப் பரப்பும். மின் விலைப்பட்டியலுக்கு 55 விவரக் கட்டங்கள் வகுத்திருக்கிறார்கள். வாங்குபவரின் வரி எண்ணைக் கல்லாவில் நீங்கள் கேட்டு வாங்கவில்லை என்றால், எந்தத் தளமும் அதை வரவழைத்துத் தராது.

இரண்டாவது கேள்வி: அறுந்தால் என்ன நடக்கும்?

விற்க வருபவரிடம் இதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். "இப்போது இணைப்பைத் துண்டியுங்கள். ஓர் ஆர்டர் போடுகிறேன். பிறகு சேர்த்துவிடுங்கள்." ஆர்டர் காணாமல் போனதா, வரிசையில் காத்திருந்ததா? அறுந்ததும் உங்கள் கைப்பேசிக்குத் தகவல் வந்ததா? அதே ஆர்டரை மறுபடி அனுப்பினால், இந்த எண் ஏற்கனவே ஏறிவிட்டது என்று அடையாளம் கண்டு நிறுத்துகிறதா? இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். என் மாமா குடும்பத்துக்கு அது மூன்று இரவை மிச்சப்படுத்தியிருக்கும்.

பெரிய நிறுவனம் என்றால் அறுந்துபோகாது என்று நம்பவும் வேண்டாம். 2025 அக்டோபர் 20, நமக்குத் தீபாவளி. அன்று பிற்பகல் மூன்று மணி வாக்கில், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள அமேசான் கணினி மையங்களில் ஏற்பட்ட கோளாறால் உலகெங்கும் எத்தனையோ சேவைகள் மணிக்கணக்கில் முடங்கின. கோளாறு வருவது இயல்பு. வந்தபின் கணக்கு சரியாக நிற்கிறதா என்பதுதான் முக்கியம்.

மூன்றாவது கேள்வி: எதை எண்ணிக் காசு கேட்கிறார்கள்?

விலைப்பட்டியலைப் பார்த்தால் எல்லாமே மலிவாகத் தெரியும். எண்ணும் முறையில்தான் வித்தியாசம். ஒரு நாளைக்கு 50 ஆர்டர், ஒவ்வோர் ஆர்டருக்கும் நான்கு வேலை என்று வைத்துக்கொள்வோம். ஸேப்பியர் போன்ற தளம் ஒவ்வொரு வேலையையும் எண்ணும். மாதத்துக்கு 6,000 ஆகிறது. என்8என் போன்றது ஓர் ஓட்டத்தை ஒன்றாக எண்ணும். மாதத்துக்கு 1,500தான். தீபாவளி மாதத்தில் ஆர்டர் மூன்று மடங்கானால் கட்டணம் என்ன ஆகும் என்றும் கேளுங்கள்.

என்8என் தளத்தைச் சொந்தக் கணினியிலும் நிறுவலாம். ஆனால் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மியூல்சாஃப்ட், பூமி, எஸ்ஏபி போன்ற பெரிய தளங்கள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் பொருந்தும். அவற்றை ஓட்டப் பயிற்சி பெற்றவர்கள் தேவை. ஸ்ரீதர் வேம்பு முதலானோர் 1996இல் தொடங்கி, சென்னையிலும் தென்காசியிலும் இருந்து இயங்கும் சோஹோவுக்கும் ஃப்ளோ என்ற இணைப்புத் தளம் உண்டு. நம்மவர் என்ற பெருமை இருக்கட்டும். கேள்விகளை அவர்களிடமும் கேளுங்கள்.

நான்காவது கேள்வி: சாவி யார் கையில்?

இந்தத் தளத்துக்கு உங்கள் எல்லா மென்பொருள்களின் சாவியும் போகிறது. வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண், முகவரி எல்லாம் அதன் வழியே ஓடும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தப்படி, 2025 ஜூன் 1 முதல், பெரும் பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். கசிந்தது அவர்கள் வழியாக என்றாலும் வாடிக்கையாளர் உங்களைத்தான் கேட்பார். கணக்கை உங்கள் கடையின் மின்னஞ்சலில் திறங்கள். அமைத்துக் கொடுக்கும் தம்பியின் சொந்த மின்னஞ்சலில் ஒருபோதும் வேண்டாம். அவர் வேலை மாறிப் போனால் சாவியும் அவரோடு போய்விடும்.

ஐந்தாவது கேள்வி: பிரியும்போது என்ன கிடைக்கும்?

கிட்டங்கியில் ஒரு மேலாள் வழக்கமாக மூன்றாண்டுத் தவணைக்கு வருவார். தவணை முடிந்தால், அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் ஊருக்குக் கப்பல் ஏறுவார். அந்த ஒழுங்கை இன்றைய தளத்திடமும் எதிர்பாருங்கள். எது எங்கே போகிறது என்ற வரைபடமும், இதுவரை அனுப்பியவற்றின் பதிவும் கோப்பாகக் கையில் கிடைக்குமா? வியாபாரப் பதிவேடுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டிய கடமை நம்முடையது, தளத்தினுடையது அல்ல.

மாமா கடையில் இப்போது வேறொரு தளம் ஓடுகிறது. சேர்வதற்கு முன் மாமா மகளே துண்டித்துப் பார்த்துச் சோதித்தாள். தினமும் மாலையில் இரண்டு எண்களை மட்டும் ஒப்பிடுகிறாள்: இன்று வந்த ஆர்டர் எத்தனை, கணக்கில் ஏறியது எத்தனை. இரண்டும் ஒன்றாக இருந்தால் கடையைச் சாத்திவிட்டு எல்லோரோடும் வீட்டுக்குப் போகிறாள்.

உங்கள் கடையிலும் இன்று மாலையே அந்த இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.