2 வயசு குட்டியோட தீம் பார்க் போறீங்களா? பையில இதெல்லாம் இருக்கான்னு பாத்துட்டு கிளம்புங்க!

சென்னை:

ஸ்கூல் லீவு விட்டாலே வீட்டில் பெரிய பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்து விடும். "எப்பப்பா தீம் பார்க் போறோம்?" என்று தினமும் அதே கேள்விதான். வருஷத்துக்கு ஒரு நாள். சீட்டு பணத்திலோ போனஸ் பணத்திலோ கொஞ்சம் ஒதுக்கி, வேலைக்கு லீவு சொல்லி, குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். அந்தக் குடும்பத்தில் இடுப்பில் ஒன்றரை வயசிலோ 2 வயசிலோ ஒரு குட்டியும் இருக்கும்.

சென்னையை சுற்றி இதற்கு இடத்துக்கு பஞ்சமில்லை. கிழக்கு கடற்கரை சாலையில் ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி., முட்டுக்காடு எம்.ஜி.எம்., பூந்தமல்லி பக்கம் குயின்ஸ்லேண்ட் என்று பல வருஷமாக இருக்கின்றன. திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025-ம் ஆண்டு டிசம்பரில் வொண்டர்லா திறக்கப்பட்டது. மேற்கு மாவட்டக்காரர்களுக்கு மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் இருக்கிறது.

பெரியவர்களுக்கு ஒரு டவலும் மாற்றுத்துணியும் இருந்தால் போதும். குட்டிக்கு அப்படி இல்லை. அதற்கு பசித்தால் சொல்லத் தெரியாது. தாகம் என்றும் சொல்லத் தெரியாது. பையில் எதையாவது மறந்து விட்டால், உள்ளே கடையில் இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டும். சில சமயம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

அதனால் முந்தின நாள் ராத்திரியே எதை எடுத்து வைக்க வேண்டும், ஏன் வைக்க வேண்டும் என்று பார்த்து விடுவோம்.

முதலில் பை

துணிக்கடையில் கொடுத்த கட்டைப்பை வேண்டாம். அதைத் தூக்கினால் ஒரு கை போச்சு. குழந்தை ஓடினால் பிடிப்பதற்கு இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். முதுகில் மாட்டும் பைதான் சரி. பிள்ளையின் பழைய ஸ்கூல் பையே போதும்.

ஈரத்துணியை போட ஜிப் வைத்த கனமான கவர் ஒன்றை தனியாக வையுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ந்தேதியில் இருந்து கேரி பேக் தடை இருப்பதால், உள்ளே கடையில் கேட்டு வாங்கிக் கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

கேட்டில் நிறுத்தப்படும் சாப்பாட்டு தூக்கு

எலுமிச்சை சாதம், புளி சாதம் என்று விடியற்காலையிலேயே எழுந்து கட்டிக் கொண்டு போவார்கள். கேட்டில் பையை திறந்து பார்த்து, "வெளிச் சாப்பாடு உள்ளே எடுத்துட்டு போகக்கூடாது" என்று நிறுத்தி விடுவார்கள். பெரும்பாலான பார்க்குகளில் இந்த விதி உண்டு. ஆனால் கைக்குழந்தைக்கான உணவை பொதுவாக அனுமதிப்பது வழக்கம். கிளம்பும் முன் பார்க்குக்கே போன் போட்டு, "2 வயசு குழந்தைக்கு சாப்பாடு கொண்டு வரலாமா?" என்று கேட்டு விடுங்கள். குழந்தை சாப்பாட்டை சின்ன டப்பாவில் தனியாக கட்டுங்கள். பெரியவர்கள் சாப்பாட்டோடு கலந்து வைத்தால் அதையும் சேர்த்துத்தான் நிறுத்துவார்கள்.

என்ன கட்டலாம்? தயிர் சாதம் நல்லது. ஆனால் காலையில் முழுக்க தயிர் போட்டு பிசைந்தால் வெயிலுக்கு மதியமே புளித்து விடும். குழைய வடித்த சாதத்தை ஆற வைத்து, காய்ச்சி ஆறிய பாலில் பிசைந்து, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விடுங்கள். மதியம் சாப்பிடும்போது சரியாக இருக்கும். கூடவே வாழைப்பழம், பிஸ்கட், சத்துமாவு, பிளாஸ்க்கில் சுடுதண்ணீர் வையுங்கள்.

பாப்கார்ன், வேர்க்கடலை, முழு திராட்சை, ஜெல்லி மிட்டாய் வேண்டாம். இந்த வயசில் தொண்டையில் அடைத்துக் கொள்வது இதெல்லாம்தான். அதிலும் ரைடில் குலுங்கும்போதோ ஓடும்போதோ வாயில் எதுவும் இருக்கக் கூடாது. அக்கா வாங்குகிற பாப்கார்ன் தம்பி கைக்கும் போகும், கவனம்.

மூணு செட் டிரஸ்

ஒன்று போட்டுக் கொண்டு போக, ஒன்று தண்ணீரில் இறங்க, ஒன்று திரும்பி வர. பஸ்சில் வாந்தி எடுக்கும் குழந்தை என்றால் நாலு செட்.

தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் மாதிரி செயற்கை நூல் டிரஸ்தான் போட வேண்டும் என்று பல பார்க்குகளில் கண்டிப்பாக இருக்கிறார்கள். காட்டன் துணி தண்ணீரை குடித்து கனமாகி விடும். நூலும் பிரிந்து வந்து தண்ணீரை சுத்தம் செய்யும் மெஷினில் போய் அடைக்கும். உலோக ஜிப், பட்டன் வைத்த டிரஸ் சறுக்கு மரத்தை கீறி விடும் என்பதால் அதற்கும் தடை. குழந்தையோடு தண்ணீரில் இறங்கும் அம்மாவுக்கும் இதே விதிதான். சேலையோடு விட மாட்டார்கள்.

உள்ளே போய் வாங்கினால் விலை அதிகம். முந்தின வாரமே ரங்கநாதன் தெருவிலோ, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலோ வாங்கி விடலாம். குழந்தைக்கு முழுக்கை வைத்ததாக வாங்குங்கள். வெயில் முதுகை சுடாது. தொப்பி ஒன்று கட்டாயம் வேண்டும்.

டயப்பரில் ஒரு விஷயம்

சாதா டயப்பரோடு குழந்தையை தண்ணீரில் இறக்கக் கூடாது. அது தண்ணீரை உறிஞ்சி பலூன் மாதிரி ஊதி விடும். குழந்தையால் நடக்கவே முடியாது. சில சமயம் கிழிந்து உள்ளே இருக்கும் ஜெல் எல்லாம் குளத்தில் கொட்டி விடும்.

இதற்கென்றே நீச்சல் டயப்பர் மெடிக்கல் ஷாப்பில், பெரிய கடைகளில் கிடைக்கிறது. ஆனால் அது மலத்தை மட்டும்தான் தாங்கும், மூத்திரத்தை தாங்காது. அது தெரியாமல் வீட்டிலேயே மாட்டி விட்டால் பஸ்சில் மடி முழுக்க நனைந்து விடும். தண்ணீரில் இறங்கும்போதுதான் மாட்ட வேண்டும்.

போக வர, ஒரு நாள் முழுக்க சேர்த்து சாதா டயப்பர் 6, நீச்சல் டயப்பர் 2 இருந்தால் சமாளிக்கலாம்.

கொலுசு, செயின் வீட்டிலேயே இருக்கட்டும்

போட்டோ எடுக்க ஆசையாக கொலுசு, தங்கச் செயின், வெள்ளி அரைஞாண் எல்லாம் போட்டுக் கூட்டிப் போவார்கள். தண்ணீரில் கழன்றால் கிடைக்காது. ரைடில் மாட்டினால் குழந்தைக்கு காயம். கூட்டத்தில் திருட்டு பயம் வேறு. எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்து விட்டுப் போவதே நல்லது.

தண்ணீர் பாட்டிலும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும்

தண்ணீரில்தானே விளையாடுது, வெயில் என்ன செய்யும் என்று நினைப்பதுதான் தப்பு. தலைக்கு மேலே வெயில் அடித்துக் கொண்டுதான் இருக்கிறது. சின்ன உடம்பு பெரியவர்களை விட சீக்கிரம் சூடேறும். வியர்வையும் அவ்வளவாக வராது. மே மாத கத்திரி வெயிலில் போகிறவர்கள் கேட் திறக்கும்போதே உள்ளே போய் விடுங்கள். பகல் 12 மணியில் இருந்து 3 மணி வரை குழந்தையை நிழலில் வைத்து சாப்பாடு, தூக்கம் என்று முடித்து விடலாம்.

கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு எடுத்துக் கொள்ளுங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு. எதற்கு எவ்வளவு தண்ணீர் என்று பாக்கெட் மேலேயே போட்டிருக்கும். பெரிய பாக்கெட்டை குத்துமதிப்பாக பாதி கொட்டி டம்ளரில் கலக்கக் கூடாது. உப்பு அளவு மாறினால் குழந்தைக்கு ஆபத்து. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் கூடாது.

டப்பாவில் விற்கிற இனிப்பு பானத்தை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கிக் கொடுக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவில் இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற வார்த்தையே இருக்கக் கூடாது என்று மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம் 2025-ம் ஆண்டு அக்டோபரில் உத்தரவு போட்டது. சர்க்கரை அதிகம் உள்ள பானம் வயிற்றுப்போக்கை இன்னும் அதிகமாக்கி விடும்.

குழந்தை 6 மணி நேரமாக மூத்திரம் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, நாக்கு காய்ந்திருக்கிறது, கண் உள்வாங்கி துவண்டு கிடக்கிறது என்றால் ஒரு நிமிஷம் கூட யோசிக்காதீர்கள். டிக்கெட் காசை பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 108-க்கு போன் போடுங்கள்.

இதற்கு நேர் எதிராக, ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறினாலும் குழந்தை குளிர்ந்து போகும். உதடு நீலமாகி, உடம்பு நடுங்கினால் உடனே வெளியே எடுத்து துடைத்து, காய்ந்த துணி போட்டு விடுங்கள்.

மருந்து பொட்டலம்

குழந்தைக்கு வழக்கமாக டாக்டர் எழுதிக் கொடுக்கும் காய்ச்சல் மருந்து, அளவு மூடியோடு இருக்கட்டும். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே வீரியம் கிடையாது. ஒன்றுக்கு சொன்ன அளவை இன்னொன்றில் கொடுக்கக் கூடாது. கூடவே கொஞ்சம் பஞ்சு, பேண்டேஜ் போதும்.

சில பேர் ஒரு காரியம் செய்வார்கள். பஸ்சில் அழாமல் தூங்கட்டும் என்று சளி சிரப்பை கொஞ்சம் ஊற்றி விடுவார்கள். தயவு செய்து அது வேண்டாம். சளிக்கு கொடுக்கும் ஒரு வகை கலப்பு மருந்தை 4 வயசுக்கு கீழே கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்து கட்டுப்பாட்டு அமைப்பே 2023-ம் ஆண்டு டிசம்பரில் சொல்லி இருக்கிறது. தூங்க வைப்பதற்கு மருந்து கிடையாது, மடிதான்.

வாந்தி எடுக்கும் குழந்தைக்கு கிளம்பும் முன் வயிறு முட்ட பால் கொடுக்காதீர்கள். ஒரு மணி நேரம் முன்னாடியே இட்லி மாதிரி லேசாக கொடுத்து விடுங்கள்.

பழைய காட்டன் சேலை ஒன்று

இதை யாரும் பட்டியலில் எழுத மாட்டார்கள். ஆனால் அன்று முழுக்க அதிகம் உதவுவது இதுதான். புல் தரையில் விரித்தால் பாய். தோளில் போட்டால் பால் கொடுக்க மறைப்பு. மரத்தடியில் குழந்தை தூங்கினால் போர்வை. தலைக்கு மேலே பிடித்தால் நிழல். கடைசியில் துண்டு எல்லாம் நனைந்த பிறகு துவட்டவும் ஆகும். மடித்தால் பையில் ஒரு ஓரம்தான்.

குழந்தை தொலைந்து விட்டால்?

கூட்ட நாளில் கையை விட்ட அடுத்த நிமிஷம் குழந்தை கண்ணில் படாது. 2 வயசு குழந்தைக்கு அப்பா பெயர் கேட்டால் "அப்பா" என்றுதான் சொல்லும்.

அதனால் பையில் ஒரு பால்பாயிண்ட் பேனாவோ, அழியாத மை பேனாவோ வைத்துக் கொள்ளுங்கள். கேட்டில் நுழையும் முன் குழந்தையின் உள்கையில் உங்கள் செல் நம்பரை எழுதுங்கள். தண்ணீரில் அழிந்தால் மறுபடி எழுதுங்கள். அன்று போட்டிருக்கும் டிரஸ்சோடு காலையிலேயே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். "என்ன கலர் சட்டை?" என்று செக்யூரிட்டி கேட்டால், பதற்றத்தில் பெற்றவர்களுக்கே வாய் வராது. போட்டோவை காட்டி விடலாம். போலீசுக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098.

செல் நனைந்தால் எல்லாம் போச்சு. தண்ணீர் புகாத பவுச் ஒன்று வாங்கி செல்லை கழுத்தில் மாட்டிக் கொள்ளுங்கள்.

டிக்கெட்டுக்கு முன்னால் ஒரு அளவு

பல இடங்களில் குழந்தை டிக்கெட்டுக்கு வயசை கேட்பதில்லை, உயரத்தைத்தான் அளக்கிறார்கள். ரைடும் அப்படியே. வீட்டிலேயே சுவரோடு நிறுத்தி அளந்து கொண்டு போனால் கவுண்டரில் தகராறு இல்லை. வயசு கேட்கும் இடத்துக்கு நீல நிற பால ஆதார் ஜெராக்ஸ் உதவும். அரசு பஸ்சில் 2022-ம் ஆண்டு முதல் 5 வயசு வரை குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. ரெயிலிலும் 5 வயசுக்கு கீழே தனி பெர்த் கேட்காவிட்டால் கட்டணம் இல்லை.

பையில் வைக்க முடியாத ஒன்று

காற்று ஊதி கையில் மாட்டும் பலூன் பட்டை வாங்கி இருக்கிறோமே என்று தைரியமாக விட்டு விடாதீர்கள். அது விளையாட்டு சாமான். காற்று இறங்கும், கழன்று விடும். முட்டி அளவு கூட இல்லாத தண்ணீரில் சின்னக் குழந்தை மூழ்கி விடும். சினிமாவில் காட்டுவது போல கையை ஆட்டி கத்தாது. சத்தமே இல்லாமல் ஒன்றிரண்டு நிமிஷத்தில் முடிந்து விடும். பக்கத்தில் பத்து பேர் நின்றாலும் தெரியாது.

இது எப்படி நடக்கிறது? "அவர் பாத்துக்குவார்" என்று அம்மா நினைப்பார். "அவ பாத்துக்குவா" என்று அப்பா நினைப்பார். சித்தப்பாவும் அத்தையும் அப்படியே நினைப்பார்கள். கடைசியில் யாருமே பார்ப்பதில்லை.

அதனால் ஆளை பெயர் சொல்லி நியமித்து விடுங்கள். அரை மணி நேரத்துக்கு ஒருவர். அவர் செல்லை தொடக்கூடாது, கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மாறும்போது, "இனிமே நீ பாத்துக்கோ" என்று வாயால் சொல்லி, "சரி, நான் பாத்துக்கறேன்" என்று பதில் வாங்கிய பிறகுதான் நகர வேண்டும். பெரிய ரைடில் ஏற ஆசை எல்லாருக்கும் இருக்கும். மாற்றி மாற்றி ஏறினால் ஆச்சு.

கிளம்பும் முன் ஒரு தடவை சரி பாருங்க!

* முதுகுப்பை, ஈரத்துணிக்கு கவர்
* குழந்தை சாப்பாடு தனி டப்பாவில், பிளாஸ்க்
* 3 செட் டிரஸ், நைலான் டிரஸ், தொப்பி, 2 டவல்
* சாதா டயப்பர் 6, நீச்சல் டயப்பர் 2
* தண்ணீர் ஒரு லிட்டர், ஓ.ஆர்.எஸ். 2 பாக்கெட்
* காய்ச்சல் மருந்து, அளவு மூடி, பேண்டேஜ்
* பழைய காட்டன் சேலை
* பேனா, செல் பவுச், ஆதார் ஜெராக்ஸ், லாக்கருக்கு சில்லறை

பட்டியலை கிழித்தோ, செல்லில் போட்டோ எடுத்தோ பீரோ கதவில் ஒட்டி வையுங்கள். அடுத்த லீவுக்கும் ஆகும்.