துறைமுக வாசலிலிருந்து ஊர் எவ்வளவு தூரம்?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இப்போதெல்லாம் அப்பா அம்மாவை வரவழைத்தால், பறவைப் பூங்காவும் தேக்கா கடைத்தெருவும் முடிந்த கையோடு நாலைந்து நாள் கப்பல் பயணம் ஒன்றையும் போட்டுவிடுகிறார்கள். சிங்கப்பூரில் ஏறி, மலாக்கா நீரிணையில் வடக்கே போய், போர்ட் கிளாங், பினாங்கு, புக்கெட் என்று நின்று, திரும்பவும் சிங்கப்பூரிலேயே இறக்கிவிடும் கப்பல். ஒவ்வொரு ஊரிலும் காலையில் இறங்கலாம், மாலைக்குள் ஏறிவிட வேண்டும். அப்படிக் கிளம்புகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி. கப்பலில் விற்கும் டூரில் போவதா, நாமே இறங்கிச் சுற்றுவதா?

டீ வரட்டும், நிதானமாகவே சொல்கிறேன். இதற்கு ஒரே பதில் கிடையாது, ஊருக்கு ஊர் மாறும். மாறுவதற்குக் காரணம் ஒன்றுதான்: கப்பல் நிற்கும் இடத்திலிருந்து ஊர் எவ்வளவு தூரம் என்பது.

பயணப் பட்டியலில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரை அப்படியே நம்பிவிடாதீர்கள். 'ரோம்' என்று போட்டிருப்பார்கள். கப்பல் நிற்பது சிவிதாவெக்கியாவில், அங்கிருந்து ரோம் 80 கிலோமீட்டர். 'பாரிஸ்' என்றால் லெ ஆவ்ர், சுமார் 200 கிலோமீட்டர். 'பாங்காக்' என்று எழுதி லெம் சபாங் துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். சாலை வழியே இரண்டு மணி நேரம் ஆகும், நெரிசல் தனி. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் உண்மையான துறைமுகத்தின் பெயரும் இருக்கும். நாம்தான் அடைப்புக்குறியைப் படிப்பதில்லை.

நம் கப்பலில் அந்த மாதிரி ஊர் போர்ட் கிளாங். பட்டியலில் 'கோலாலம்பூர்' என்றிருக்கும். பயணிகள் கப்பல் நிற்பது புலாவ் இண்டா தீவில். சுற்றிலும் கன்டெய்னர் அடுக்குகளும் லாரிகளும்தான், நடந்து போய்ப் பார்க்க ஒன்றுமில்லை. தமிழர்கள் இறங்கியதும் கேட்பது பத்துமலை முருகனை. 2006-ல் நிறுவிய 42.7 மீட்டர் உயரச் சிலை, அதன் பின்னால் 272 படிகள், மேலே குகைக்கோயில். போகாமல் எப்படி வருவது? ஆனால் அது கோலாலம்பூருக்கும் வடக்கே, துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். இந்த ஊரில் நான் கப்பல் டூருக்குத்தான் ஓட்டுப் போடுவேன். விலை கூடுதல்தான், ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் தரும் நேரம் குறைவுதான். ஆனாலும் கப்பலே ஏற்பாடு செய்த பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். நீங்கள் பிடித்த கார் மாட்டிக்கொண்டால் காத்திருக்காது. அந்தக் கூடுதல் காசு முக்கியமாக இதற்காகத்தான், வழிகாட்டியின் பேச்சுக்காக இல்லை.

அடுத்தது மணிக்கணக்கு. பட்டியலில் 'காலை 8 முதல் மாலை 5 வரை' என்றிருந்தால் ஒன்பது மணி நேரம் நம் கையில் என்று தோன்றும். எட்டு என்பது கப்பல் கரையணையும் நேரம். அதன் பிறகு துறைமுக அதிகாரிகள் அனுமதி தர வேண்டும். டூர் வாங்கியவர்களின் கூட்டம் முதலில் இறங்கும். லிஃப்டில் இடம் கிடைக்க வேண்டும். நீங்கள் வெளிவாசலைத் தாண்டும்போது ஒன்பதாகிவிடும். அந்தப் பக்கம் ஐந்து என்பது கப்பல் நகரும் நேரம். எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் அதற்கு அரை மணி முன்பு, சில கப்பல்களில் ஒரு மணி முன்பு. முந்தின இரவே அறைக்கு வரும் தாளிலோ கப்பலின் செயலியிலோ அது போட்டிருக்கும். நாலு மணி என்று வையுங்கள். நமக்கு அதற்கும் அரை மணி முன்னால், மூன்றரைக்கு வாசலில் நிற்பதுபோல் திட்டமிட வேண்டும். ஆக ஒன்பது மணி நேரம் ஆறரையாக இளைத்துவிட்டது. நாளைத் திட்டமிடும்போது காலையிலிருந்து தொடங்காமல் இந்த மூன்றரையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். தூரமான இடம் முதலில், கப்பலுக்குக் கிட்டே இருப்பது கடைசியில். நேரம் போதவில்லை என்றால் கழற்றிவிடுவது பக்கத்து இடத்தைத்தான், அதனால் நஷ்டமும் இல்லை.

புக்கெட்டில் இந்தக் கணக்குக்குள் இன்னொரு முடிச்சு இருக்கிறது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். தாய்லாந்து ஒரு மணி பின்னால். கரையில் கால் வைத்ததும் உங்கள் கைபேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிக்கொள்ளும். கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் கைபேசியில் மூன்று காட்டும்போது கப்பலில் நாலு, அதாவது ஏறும் நேரம் முடிந்துவிட்டது. சில கப்பல்களில் முந்தின இரவே கடிகாரத்தைத் திருப்பிவிடுவார்கள். எது என்று வரவேற்பு மேசையில் கேட்டுவிட்டு இறங்குங்கள். இறங்கும் அன்றைக்கு மட்டும் பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்வது நல்லது. தவிரவும் புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நடுக்கடலில் நங்கூரம் போட்டு, சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுவருவது வழக்கம். அங்கே நீங்கள் பிடிக்க வேண்டியது கடைசிப் படகை. அலை கூடினால் படகு நிற்கும், சில நாள் அந்த ஊரையே விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுவதும் உண்டு. வெளியில் யாரிடமாவது வண்டி முன்பதிவு செய்தால், ரத்து செய்து பணம் திரும்பப் பெறும் வசதி இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

இனி பினாங்கு. இங்கே கப்பல் டூர் வாங்குவது வீண்செலவு என்பது என் எண்ணம். முட்டிவலி, சக்கர நாற்காலி என்றால் மட்டும் வேறு. கப்பல் வந்து நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை 1904-ல் திறந்தது, ஜார்ஜ் டவுனின் வாசற்படியிலேயே இருக்கிறது. வெளியே வந்ததும் டாக்ஸிக்காரர்கள் மொய்ப்பார்கள், 'கோயில், மலை, நாலு மணி நேரம்' என்று அட்டை காட்டுவார்கள். சிரித்துவிட்டு நடந்துவிடுங்கள். சில நிமிடங்களில் வெள்ளை மணிக்கூண்டு வந்துவிடும். விக்டோரியா அரசியின் அறுபதாம் ஆட்சியாண்டுக்காக ஊர்ச் சீனச் செல்வந்தர் ஒருவர் கட்டிக்கொடுத்தது. ஆண்டுக்கு ஒன்றாக அறுபது அடி. உற்றுப் பார்த்தால் லேசாகச் சாய்ந்திருக்கும், இரண்டாம் உலகப் போரில் பக்கத்தில் விழுந்த குண்டின் வேலை. எதிரே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய முனை அது. கோட்டைக்குள் பீரங்கிகளும் சுவரும் தவிரப் பெரிதாக இல்லை, வெளியிலிருந்து பார்த்தால் எனக்குப் போதும்.

அங்கிருந்து தென்மேற்காக நடந்தால் லிட்டில் இந்தியா. லெபோ பினாங்கு, லெபோ பாசார், லெபோ குவின் என்று மூன்று நான்கு தெருக்கள். பூக்கட்டு, பாத்திரக்கடை, ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. லெபோ குவினில் 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் படகு தள்ளியவர்களும் சிறுவணிகர்களும் குடியிருந்த பகுதி இது. 1926-ல் கட்டிய ரஜூலா கப்பல் 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இந்த ஊரைத் தொட்டுத்தான் சிங்கப்பூர் போகும். நம் குடும்பங்களில் 'பினாங்குத் தாத்தா' என்று ஒருவர் இருந்தால், அநேகமாக அவர் நடந்த தெரு இதுதான். கோயில் நண்பகலில் நடை சாத்துவதற்குள், காலையிலேயே போய்விடுங்கள்.

பக்கத்திலேயே சூலியா தெருமுனையில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் ஊர் நினைவில் எழுப்பியது. சின்னக் கட்டடம், பேருந்துக் கூட்டம் நிற்காமல் கடந்துவிடும். நாமே நடப்பதில் இருக்கும் லாபம் இதுபோன்ற இடங்களில்தான் தெரியும். அதைத் தாண்டினால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1801-ல் தொடங்கியது. பள்ளிவாசல் இருக்கும் சாலையிலேயே வடக்கே சீனர்களின் குவான் யின் கோயில், அதையும் தாண்டி 1818-ன் புனித ஜார்ஜ் தேவாலயம். நாலு சமயமும் ஒரே சாலையை ஒட்டி, கூப்பிடு தூரத்தில். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் மட்டும் பள்ளிவாசலுக்குள் பார்வையாளர்களை எதிர்பார்க்காதீர்கள்.

வெயிலுக்குப் பயப்பட வேண்டாம். பழைய கடைவீடுகளின் முகப்பில் அங்குள்ள தமிழர் 'அஞ்சடி' என்று சொல்லும் கூரையிட்ட நடைவழி தெரு நெடுக வரும். சில கடைக்காரர்கள் சாமான் அடுக்கி மறித்திருப்பார்கள், அங்கே மட்டும் தெருவில் இறங்க வேண்டும். 2008-ல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் வந்த ஊர் என்பதால் இந்தக் கடைவீடுகள் இன்னும் நிற்கின்றன. தமிழ் முஸ்லிம் கடை ஒன்றில் உட்கார்ந்து தே தாரேக் குடியுங்கள், உள்ளூர்க்காரர்கள் நாசி கண்டார் வாங்கும் வரிசை பெரிதாக இருக்கும் கடையாகப் பார்த்து. சைவக்காரர்களுக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு.

பிறகு ஆர்மீனியன் தெரு. 2012-ல் எர்னஸ்ட் சகாரேவிச் என்ற லிதுவேனிய ஓவியர் சுவரில் தீட்டிய சைக்கிள் குழந்தைகளின் முன்னால் படமெடுக்க வரிசை நிற்கும். அந்த வரிசையில் அரை மணியைக் கரைப்பதைவிடப் பக்கத்தில் கூ கொங்சி குலமாளிகைக்குப் போகலாம், கட்டணம் உண்டு. 1901-ல் எரிந்துபோய், 1906-ல் திரும்ப எழுந்தது. கூரைச் சிற்பத்துக்காகவே போகலாம். அங்கிருந்து கடலை நோக்கி இறங்கினால் சியூ படகுத்துறை. தண்ணீரில் மரக்கால் நட்டு, பலகை பாவி, ஒரே குலத்துச் சீனக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் வீட்டுவரிசை. ஆட்கள் குடியிருக்கும் வீடுகள், ஜன்னலுக்குள் கேமராவை நீட்டக் கூடாது. இந்தக் கரையே புதிது என்பதை நடக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். 1880-களில் கடலைத் தூர்த்து வெல்டு கரையை உண்டாக்கும்வரை, உள்ளே இருக்கும் பீச் தெருவில்தான் அலை அடித்தது.

வெல்டு கரையோடு வடக்கே நடந்தால் ஃபெர்ரி துறை, பேருந்து நிலையம் தாண்டிக் கப்பல். வட்டம் முடிந்தது. எந்த இடத்தில் களைத்தாலும் கப்பலுக்குத் தூரம் அதிகமில்லை, கைபேசியில் கிராப் கார் கூப்பிடலாம். பினாங்கு மலை ரயிலைச் சேர்க்கலாமா என்பார்கள். அடிவாரம் ஆயர் ஈத்தாமில், ஊருக்கு வெளியே. ரயில் வரிசை எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. மலைதான் வேண்டும் என்றால் காலையில் முதல் வேலையாக அங்கே போய்விட்டு மிச்ச நேரத்தில் தெருக்களைப் பாருங்கள். இரண்டையும் முழுதாகப் பார்க்க ஆசைப்பட்டால் இரண்டும் அரைகுறையாகும்.

கையில் என்ன வேண்டும்? கப்பல் அட்டை, கடவுச்சீட்டின் நகல், கைபேசியில் அதன் படம், கொஞ்சம் ரிங்கிட். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியக் கடவுச்சீட்டுக்கு 30 நாள் வரை விசா கேட்பதில்லை. தற்காலிகச் சலுகை, நீட்டித்துக்கொண்டு வருகிறார்கள் என்பதால் கிளம்புமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம் சிங்கப்பூர் விசா: கப்பல் திரும்புவதும் அங்கேதான், இரண்டாம் முறை நுழைய அது செல்லுபடியாக வேண்டும். கடலில் இருக்கும்போது கைபேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் அது தானாக ஒட்டிக்கொண்டால் பில் தலைசுற்ற வைக்கும். திரும்பி ஏறும்போது பையை ஸ்கேன் செய்வார்கள். லிட்டில் இந்தியாவில் ஆசையாக வாங்கிய காய் நறுக்கும் கத்தி போகாது, பழமும் பொதுவாகப் போகாது. ஜூன், ஜூலையில் டுரியான் பருவம். தின்பதைக் கரையிலேயே தின்று, கையை நன்றாகக் கழுவிவிட்டு வாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கப்பலைத் தவறவிட்டால்? அன்றைய தாளில் துறைமுக முகவரின் பெயரும் எண்ணும் இருக்கும், இறங்குமுன் அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வரவில்லை என்று தெரிந்தால் அறைப் பெட்டகத்திலிருந்து கடவுச்சீட்டை எடுத்து முகவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுவது பல கப்பல்களில் வழக்கம். கடவுச்சீட்டைப் பெட்டிக்கடியில் துணி மடிப்பில் ஒளித்து வைக்காமல் பெட்டகத்தில் வைப்பது இதனால்தான். அடுத்த துறைமுகத்துக்குப் போகும் செலவு முழுக்க உங்களுடையது. பினாங்கில் தவறவிட்டு, கப்பல் நேரே சிங்கப்பூர் போகிறது என்றால் விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். கப்பலுக்கு முன்னாலேயே போய்ச் சேரலாம். அடுத்தது புக்கெட் என்றால் தாய்லாந்தின் நுழைவு விதி குறுக்கே வரும். அதனால் முதல் ஃபோன் முகவருக்கு, டிக்கெட் அதற்குப் பிறகு.